நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் எழுத்து: டெக்னிக்கல் வேலையில் இருப்பவருக்கு எழுதத் தெரிவது எதற்கு?

"கம்யூனிகேஷன் முக்கியம்" என்று சொல்லாத இன்ஜினியரிங் கல்லூரி தமிழ்நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள்: திக்காமல் ஆங்கிலம் பேசுவது, குரூப் டிஸ்கஷனில் முதலில் வாயைத் திறப்பது, இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது. எழுதுவது அந்தப் பட்டியலிலேயே வராது. அது கதை கவிதை எழுதுகிறவர்கள் சமாச்சாரம், இல்லையென்றால் 'டாக்குமென்டேஷன்' என்று தனியாக ஒரு டீம் இருக்கும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு வேலை தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். நானும் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குழப்பத்தால் நல்ல வேலைக்காரர்கள் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த விஷயம் சரியாக இருக்கும், ஆனால் முடிவெடுக்க வேண்டியவரிடம் அது போய்ச் சேராது. அதனால் டெக்னிக்கல் எழுத்து என்பது உண்மையில் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## மருந்து கவரில் இருக்கும் 1-0-1

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு டெக்னிக்கல் எழுத்திலிருந்து தொடங்கலாம். மருந்துக்கடையில் மாத்திரையைக் கவரில் போட்டு மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று. மூன்று எண், இரண்டு கோடு. இதைவிடச் சின்னதாக எழுத முடியாது.

இது ஏன் நல்ல எழுத்து? ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டி அந்தக் கவரைக் கையில் எடுக்கும்போது டாக்டர் பக்கத்தில் இல்லை, கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார், பேரனும் வெளியே போயிருக்கிறான். அந்த நேரத்தில் பாட்டிக்கு இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இப்போது இதைப் போடணுமா, வேண்டாமா? கவர் அதற்குப் பதில் சொல்கிறது. மாத்திரையில் என்ன ரசாயனம், அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியும், ஆனால் கவரில் அதற்கு இடம் இல்லை.

அதே கவரை இந்தப் பழக்கமே தெரியாத வெளிநாட்டுக்காரர் கையில் கொடுத்தால் திகைத்துப்போவார். அப்படியென்றால் 1-0-1 தானாகத் தெளிவானது இல்லை. படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைச் சரியாகக் கணித்ததால்தான் அது தெளிவாக இருக்கிறது.

## அம்மா சொன்ன அதிரசம்

இப்போது எதிர்ப்பக்கம். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தீபாவளிக்கு ஊருக்கு வர முடியவில்லை, அதிரசம் செய்து பார்க்கிறேன் என்று அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறார்: அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்துக்கொள், வெல்லப்பாகு பதமாக வந்ததும் மாவில் கொட்டிக் கிளறு, அவ்வளவுதான்.

எல்லாம் சரி, 'பதமாக' என்ற ஒரு சொல்லில்தான் அதிரசமே இருக்கிறது. பாகு இளசாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், முற்றிவிட்டால் கல்லாகிவிடும். அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? முப்பது வருடமாகச் செய்வதால் அவர் கைக்கு அது தெரியும், தெரிந்துவிட்டதாலேயே அது ஒரு தகவல் என்று தோன்றுவதில்லை. பக்கத்தில் நின்றிருந்தால் "இன்னும் கொஞ்சம், ம், இப்போ இறக்கு" என்று சொல்லியிருப்பார். "ஒரு தட்டில் தண்ணீர் வை, பாகிலிருந்து ஒரு சொட்டை அதில் விடு, விரலால் உருட்டினால் கரையாமல் மெத்தென்று உருண்டு வரணும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், அடுப்பு முன்னால் தனியாக நிற்கும் மகளுக்கு அது கைகொடுத்திருக்கும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்து நாம் திருத்திக்கொள்கிறோம். எழுத்தில் அந்த வசதி இல்லை. படிப்பவர் என்ன தெரிந்து வருவார், எந்த இடத்தில் தடுமாறுவார், என்ன செய்வதற்காகப் படிக்கிறார் என்பதை எழுதுபவர் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். டெக்னிக்கல் எழுத்தில் கடினமான பகுதி இதுதான், இலக்கணம் எல்லாம் அப்புறம்.

## அறிவின் சாபம்

அம்மாவுக்கு நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு விஷயம் நமக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அது தெரியாதவர் மனதில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியாமல் போவதை 'அறிவின் சாபம்' என்பார்கள்.

1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதை எளிமையாகச் சோதித்துப் பார்த்தார். ஒருவர், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று.

வீட்டிலேயே செய்து பாருங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். தட்டும்போது உங்கள் தலைக்குள் மெட்டு, வார்த்தை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவருக்கு 'டொக் டொக்' மட்டும்தான் கேட்கிறது. இது கூடத் தெரியவில்லையா என்று உங்களுக்குக் கோபம்கூட வரும்.

ஒரு புரோகிராமர் எழுதும் குறிப்பு, லேப் டெக்னீஷியன் எழுதும் ரிப்போர்ட், சைட் இன்ஜினியர் அனுப்பும் மெயில் என்று பலவும் இந்த 'டொக் டொக்' ரகம்தான். திறமைசாலியாக ஆக ஆக இது மோசமாகும், ஏனென்றால் தலைக்குள் ஓடும் மெட்டு அவருக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

## ராத்திரி இரண்டு மணி டிக்கெட்

கிட்டப் போய் ஒன்றைப் பார்க்கலாம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஷிஃப்ட் முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவருக்காக டிக்கெட்டில் ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போக வேண்டும். டிக்கெட் என்றால் ஒரு பிரச்சினையைப் பதிவுசெய்து, அது தீரும்வரை தொடரும் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ராத்திரி எனக்கு வந்த குறிப்பு:

"பேமென்ட் இஷ்யூ. செக் பண்ணியாச்சு. சர்வர் ரீஸ்டார்ட் பண்ணப்பட்டது. மானிட்டர் பண்ணவும்."

எழுதியவர் கெட்டிக்காரர், பிரச்சினையை முக்கால்வாசி கண்டுபிடித்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் எதைச் செக் பண்ணினார்? எந்த சர்வர்? ரீஸ்டார்ட் செய்த பிறகு சரியானதா இல்லையா? எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எப்போது பயப்பட வேண்டும்? அவர் பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. அவர் செய்த சோதனைகள் எல்லாவற்றையும் நான் முதலிலிருந்து மறுபடி செய்தேன், நாற்பது நிமிடம் போனது, அதற்குள் சர்வர் இரண்டாவது முறை விழுந்துவிட்டது.

அதே ஆளிடம் மறுநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். ஒரே மூச்சில் சொன்னார். அவர் வாயால் சொன்னதை எழுதினால் இப்படி இருக்கும்:

"பத்து மணியிலிருந்து கார்டு பேமென்ட்டில் சில மட்டும் தோற்கின்றன, யுபிஐ நன்றாக இருக்கிறது. இரண்டாவது சர்வரில் மெமரி நிரம்புவதுதான் காரணம் என்று நினைக்கிறேன், இன்னும் உறுதி இல்லை. ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தேன், சரியானது, ஆனால் மறுபடி மெமரி ஏறிக்கொண்டிருக்கிறது. 90 சதவீதம் தாண்டினால் அந்த சர்வரை லோட் பேலன்ஸரிலிருந்து எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம்தான் தாங்கும்."

(லோட் பேலன்ஸர் என்பது வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது.) இந்தக் குறிப்பில் அலங்காரமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தெரிந்தது, தெரியாதது, நான் செய்ய வேண்டியது, இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதிலும் அந்த 'இன்னும் உறுதி இல்லை' என்ற மூன்று சொல்லைப் பலர் எழுதவே கூச்சப்படுகிறார்கள், எழுதினால் நம்மைக் குறைத்து மதிப்பிடுவார்களோ என்று. படிப்பவருக்கு அதைவிட உபயோகமான தகவல் வேறு இல்லை, ஏனென்றால் எதை நம்பி அடியெடுத்து வைக்கலாம், எதை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

## ஒரு விளக்கும் மூன்று கடிதங்களும்

இது ஒரு பேமென்ட் டிக்கெட். இதே குறை ஓர் அணு உலையில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. அதன் இரண்டாவது உலையில் ஒரு கோளாறால் அழுத்தம் ஏறியது, அதை வெளியேற்ற ஒரு வால்வு தானாகத் திறந்தது. வீட்டு குக்கரில் விசில் ஆவியை விட்டுவிட்டு மறுபடி உட்கார்வது போல, அழுத்தம் இறங்கியதும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது, உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. அது அணைந்திருந்தது. அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு சொன்னது 'மூடும்படி உத்தரவு போய்விட்டது' என்பதை மட்டும்தான், வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அந்த விளக்கும் ஒரு வாக்கியம்தான், எழுதியவர் மனதில் ஓர் அர்த்தம், படித்தவர் மனதில் வேறு அர்த்தம். இன்னொரு மீட்டர் தண்ணீர் மட்டம் ஏறுவதாகக் காட்டியதால், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, தானாக ஓட ஆரம்பித்த அவசரத் தண்ணீரையும் ஆபரேட்டர்கள் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

மனதைப் பிசைவது இதற்கு முந்தைய கதை. 1977 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற நிலையத்தில் இதே மாதிரி வால்வு சிக்கி, அங்கேயும் ஆபரேட்டர்கள் அவசரத் தண்ணீரை நிறுத்தினார்கள். உலை மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. இரண்டு உலைகளையும் வடிவமைத்தது பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற ஒரே கம்பெனி. அங்கிருந்த இன்ஜினியர்களுக்கு ஆபத்து புரிந்தது, எழுதவும் செய்தார்கள்.

1977 நவம்பரில் போன முதல் கடிதம், நம் வாடிக்கையாளர்களுக்கு இதைப் பற்றிப் போதுமான வழிகாட்டுதல் கொடுக்கவில்லையோ என்று மெதுவாகத் தொடங்கி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்கிற தோரணையில் முடிகிறது. ஆபரேட்டர்கள் தங்களுக்குக் கொடுத்த பயிற்சிப்படி சரியாகத்தான் செய்தார்கள் என்று அதற்கு ஒரு பதில் வந்தது. 1978 பிப்ரவரியில் இன்னொரு இன்ஜினியர் எழுதிய இரண்டாவது கடிதம் நன்றாகவே இருந்தது: உலை முழுச் சக்தியில் ஓடியிருந்தால் எரிபொருள் சேதமாகியிருக்கக் கூடும், தண்ணீரை இந்த நிலைமைகளில் மட்டும்தான் நிறுத்தலாம், இது மிக முக்கியம், உடனே திருத்த வேண்டும் என்று நேராகச் சொன்னது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய பிரிவிலிருந்து வேறொரு பிரிவுக்குப் போன மூன்றாவது கடிதத்தில் எல்லாம் மங்கிப்போனது. தண்ணீரைப் பயன்படுத்தும் கொள்கையில் மாற்றம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கி, அந்த மாற்றத்தால் என்னென்ன தொல்லை வரலாம் என்று கேள்விகளை அடுக்கி, இப்போதைய முறையே தொடர்ந்தால் உலையின் மையம் தண்ணீருக்கு வெளியே வந்துவிடக் கூடும் என்ற சேதியைக் கிட்டத்தட்ட கடைசியில் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான டெக்னிக்கல் விசாரிப்பு மாதிரிதான் தெரியும். அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1979 மார்ச் வரை நிலையங்களுக்குப் புதிய அறிவுரை எதுவும் போகவில்லை.

கடிதம் நன்றாக இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். யார் முடிவெடுப்பது என்று கம்பெனிக்குள் தெளிவில்லாதது, பயிற்சியில் இருந்த குறை, அந்த விளக்கின் வடிவமைப்பு எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. இருந்தாலும், ஆபத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுச் சொன்ன ஆள் ஒரு வருடத்துக்கு முன்பே அங்கே இருந்தார் என்பதையும், அவருடைய கணக்கு இன்னொருவர் எழுத்தில் கைமாறும்போது அதன் அவசரம் காணாமல் போனது என்பதையும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

சுருக்கமாக: சரியான தகவல் காகிதத்தில் இருந்தால் போதாது. அவசரமானது மேலே இருக்க வேண்டும், யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். வேலைப்பளுவில் இருப்பவர் கடைசிப் பத்திவரை வருவார் என்று நம்பி எழுதக் கூடாது.

## 'வேண்டும்' என்றால் எவ்வளவு வேண்டும்?

நமக்கு மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்" என்றால் மாற்றாமல் விட்டால் வேலையே நடக்காது என்றும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றினால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளலாம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதைச் சொல்லவே வேண்டாம், அது அனுமதியா, யோசனையா, தட்டிக்கழிப்பா என்பது சொன்னவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இணையத்தைக் கட்டியவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை அவர்கள் ஆர்எஃப்சி என்ற குறிப்புகளாக எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் குறிப்பை ஸ்டீவ் க்ராக்கர் 1969 ஏப்ரலில் எழுதினார், இன்றுவரை அந்த வரிசை போய்க்கொண்டிருக்கிறது. இணையம் வயராலும் சர்வராலும் ஆனது என்று நினைக்கிறோம், ஒருவரையொருவர் பார்த்தே இராத இன்ஜினியர்கள் ஒரே குறிப்பைப் படித்து ஒரே மாதிரி புரிந்துகொண்டு செய்ததால் ஆனது என்று சொன்னாலும் தப்பில்லை. 1997-ல் வந்த 2119-ஆம் குறிப்பின் வேலையே சில சொற்களுக்கு அர்த்தம் சொல்வதுதான்: கட்டாயம் செய்ய வேண்டியதற்கு இந்தச் சொல், தக்க காரணம் இருந்தால் மட்டும் விட்டுவிடலாம் என்பதற்கு இந்தச் சொல், விருப்பப்பட்டால் செய்யலாம் என்பதற்கு இந்தச் சொல் என்று. தமிழில் எழுதும்போது 'கட்டாயம்', 'முடிந்தவரை', 'விருப்பம் இருந்தால்' என்று முன்னால் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## ஆங்கிலம், ஏஐ, இன்ன பிற

"எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் எழுத வராது" என்று சொல்பவர்கள் கவனிக்க: மேலே சொன்ன மூன்று கடிதங்களையும் எழுதியவர்கள் அமெரிக்கர்கள். பேமென்ட் குறிப்பை எழுதிய நண்பர் நன்றாக ஆங்கிலம் பேசுவார். மொழி தடையாக இருப்பது உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது இரண்டாவது தடை. முதலில் தமிழிலேயே, யாருக்கு, எதற்கு, என்ன என்று நான்கு வரி எழுதிக்கொண்டால் அதை எந்த மொழிக்கும் கொண்டுபோகலாம்.

ஏஐ எழுதிக்கொடுக்காதா என்று கேட்கலாம். வாக்கியத்தை நன்றாகவே தேய்த்துக் கொடுக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் எந்த சர்வரைப் பார்த்தீர்கள், எதில் சந்தேகமாக இருக்கிறீர்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். "பேமென்ட் இஷ்யூ, செக் பண்ணியாச்சு" என்று கொடுத்தால் அதையே மூன்று பத்தியாக நீட்டித் தரும், படிப்பவர் பாடு இன்னும் கஷ்டம்.

## எங்கிருந்து தொடங்குவது

பிளஸ் டூ லேப் ரெக்கார்டு நினைவிருக்கிறதா? நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. அது அருமையான வடிவம். சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டோம், அந்த நோட்டை வைத்து இன்னொருவர் அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இப்போது கேட்க ஆரம்பிக்கலாம்.

அன்றாட வேலையில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் சின்ன விஷயத்தில் தொடங்குங்கள், தனியாகப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. புரோகிராமராக இருந்தால் கமிட் செய்தி, அதாவது நிரலில் ஒரு மாற்றம் செய்யும்போது அதோடு சேர்த்து வைக்கும் சிறு குறிப்பு. அதில் 'ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதுகிறோம். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும், ஏன் மாறியது என்பது மட்டும் வேறு எங்கேயும் இருக்காது. மூன்று வருடம் கழித்து ஒருவர் அந்த வரியில் வந்து நின்று இதை எடுத்துவிடலாமா கூடாதா என்று யோசிப்பார், பெரும்பாலும் அது நீங்களாகவே இருப்பீர்கள்.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒரு நண்பரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். விளக்கம் சொல்லத் துடிக்கும், சொல்லாதீர்கள். அவர் படித்துக்கொண்டே வந்து ஏதோ ஒரு வரியில் தலையைத் தூக்கி "இது எந்த சர்வர்?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன்னால் பேனாவை எடுத்து அந்த வரியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.